ஆடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சந்து

1

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன் வரும். இங்கிலாந்துக்குக் குடிவந்த நாள் தொட்டு வருஷம் தவறாமல் வந்த போன் அது. சோழவந்தானில் இருக்கும் என் அக்கா பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர், தவமணி மச்சான் பேசுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எடுத்ததும் கேட்பது இதுதான்:

"மாப்ள, எங்க பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. ஒங்க பிள்ளைகளுக்கு என்னைக்கு?"

பதில் அவருக்கே தெரியும். இங்கே ஜூலை கடைசியில்தான் பள்ளிக்கூடம் அடைப்பார்கள். அது மாறாது. ஆனாலும் அவர் கேட்பார். நானும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வேன்.

"இன்னும் மூணு மாசம் கெடக்கு மச்சான்."

"மூணு மாசமா! அதுவரைக்கும் பச்சப்பிள்ளைகள உள்ள அடைச்சுவச்சு அப்படி என்னதான்யா சொல்லிக்குடுக்குறாய்ங்க?"

இந்த வருஷம் அந்தப் போன் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஆடியில் மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்தும், சித்திரை மாதம் பிறந்ததிலிருந்து, நான் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில், லாக்கரைப் பூட்டிய பிறகு மறுபடி திறந்து, போனை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, பள்ளிக்கூட லீவைப் பற்றி எழுத என்னய்யா இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் இங்கே வருகிற வரை அப்படித்தான் தோன்றியது.

2

இரண்டு ஊர் லீவும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே ஆறு வாரம். நம் ஊரில் ஒன்றரை மாதம், வெயில் கொளுத்தினால் இன்னும் கொஞ்சம் தள்ளித் திறப்பார்கள். நீளம் ஒன்றாக இருந்து என்ன செய்ய? ஒன்றின்மேல் ஒன்று விழாது. நம் பிள்ளைகள் மாம்பழம் தின்றுகொண்டிருக்கும்போது என் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். என் பிள்ளைகளுக்கு விடும்போது அங்கே முதல் பரீட்சையே வந்துவிடும்.

இங்கத்திய ஆறு வாரத்தின் கதை வேறு. என் மனைவி ஜெயா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வேலையை நம்பித்தான் இந்த நாட்டுக்கே வந்தோம். அவளுக்குச் சேர்ந்தாற்போல மூன்று வாரம் லீவு கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம். மிச்ச வாரங்களுக்கு எனக்குக் காலை ஷிஃப்ட், அவளுக்கு மத்தியான ஷிஃப்ட் என்று கேட்டு வாங்கிக்கொள்வோம். வாசலில்தான் புருஷன் பெண்டாட்டி பார்த்துக்கொள்வது. அவள் பையை மாட்டிக்கொண்டே, "சோறு இருக்கு, ரசம் இருக்கு, உங்க மகன் இன்னும் குளிக்கல" என்பாள். அதோடு சரி.

என்னோடு ரொட்டி அடுக்குகிற ஒரு அம்மா, மூன்று பிள்ளை பெற்றவர், ஒரு தடவை தட்டை வேகமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆறு வாரம் என்று முடிவு செய்தவன் யார்? அவனுக்குப் பிள்ளையே இருந்திருக்காது." எந்த ஊரானாலும் தாய்மார் பேச்சு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

3

மச்சான் ஸ்கூல் வேன் ஓட்டினார். சொந்த வேன். சோழவந்தானைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், சாயங்காலம் கொண்டுவந்து சேர்ப்பதும் வேலை. சித்திரை வைகாசியில் பள்ளிக்கூடம் இல்லையென்றால், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கும் அழகர்கோவிலுக்குமாக ஓடுவார். ஆனால் நாங்கள் ஊருக்குப் போகிற ஆடி மாதம் அவருக்குப் பள்ளிக்கூட வேன் ஓடுகிற நேரம். வீட்டில் உட்கார்ந்து பேச ஆள் கிடையாது.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். என் மகள் யாழினியையும் மகன் கதிரையும் காலையில் எழுப்பி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டு ஊருக்கு வந்த பிள்ளைகள், தினமும் இரண்டு வேளை ஸ்கூல் வேனில் போய்வந்தார்கள். கதிருக்கு அப்போது ஆறு வயதிருக்கும். சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் நானும் கூடப் போனேன். தேனூர்ப் பக்கம் ஏறிய ஒரு குட்டிப்பெண், எண்ணெய் வழிய இரட்டைச்சடை போட்டவள், இவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய், நீ யூனிஃபார்ம் போடல. டெய்லி வார. ஆனா ஸ்கூலுக்குள்ள வரமாட்ற. ஃபெயிலா?"

வேனே சிரித்தது. கதிர் புரியாமல் என்னைப் பார்த்தான். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்:

"அவன் ஃபெயில் இல்லடி வாயாடி. அவுங்க ஊர்ல வெயில் வந்துருச்சுன்னு லீவு விட்ருக்காய்ங்க. நம்மூர்ல வெயிலு போனாத்தானே ஒன்னைய உள்ள விடுறாய்ங்க. அம்புட்டுதான்."

"அப்ப நான் அங்க போனா ரெண்டு லீவும் கெடைக்குமா மாமா?"

"போய்ட்டு வா. போறப்ப ஏரோப்ளேனுக்கு நான் ஹாரன் அடிக்கிறேன்."

கதிர் பேசுகிற தமிழ் அந்த வேனில் ஏறியதுதான். வீட்டில் நானும் ஜெயாவும் வருஷம் முழுக்கப் பேசி ஏறாத தமிழ், ஊரில் இருக்கும் அந்த மூன்று வாரத்தில் ஏறும். திரும்பி வந்து இங்கே தன் வகுப்பு டீச்சரிடம் "தள்ளி ஒக்காருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு அவன் முழித்தது தனிக்கதை. மார்கழிக்குள் அத்தனையும் வடிந்துவிடும். அடுத்த ஆடிக்கு மறுபடி நிரப்ப வேண்டும்.

4

அக்கா மகள் கௌசல்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது போன வருஷம் தை மாதம். உசிலம்பட்டிப் பக்கம், நல்ல குடும்பம். வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். மச்சான் உடனே எனக்குப் போன் போட்டார். நான் பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் பெற்றோர் இருவரும் இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான், என் பெண்டாட்டி பிள்ளைகள்தான்.

வைகாசி என்றதும் காலண்டரைப் பார்த்தேன். யாழினிக்கு அந்த வருஷம் பெரிய பரீட்சை. நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி. மே மாதம் தொடங்கி ஜூன் மாதம் வரை இழுக்கும். அவளை நகர்த்த முடியாது. கதிரையாவது கூட்டிக்கொண்டு போகலாமென்று பள்ளிக்கூட ஆபீஸில் போய் நின்றேன். அங்கிருந்த பெண்மணி தங்கமானவர். பொறுமையாகக் கேட்டார்.

"மணப்பெண் உங்கள் மகளா?"

"என் அக்கா மகள்."

"அப்படியென்றால் பையனுக்கு என்ன உறவு?"

மதினி. எங்கள் வழக்கில், வயது ஒத்திருந்தால் கட்டிக்கொள்ளக்கூடிய உறவு. கேலி பேசலாம், தண்ணீர் ஊற்றி விளையாடலாம், கல்யாணத்தில் அவளுக்கு முன்னால் நின்று வம்பு பண்ணலாம். இதையெல்லாம் என் இங்கிலீஷில் எப்படிச் சொல்ல? கசின் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். கூடப்பிறந்தவர் கல்யாணமென்றால் தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கலாம், கசின் கல்யாணத்துக்கெல்லாம் லீவு தருவதில்லை என்றார்.

"நான் தாய்மாமன். நான் இல்லாமல் அந்தப் பெண் மணமேடை ஏறமாட்டாள்" என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"உங்களைப் போக வேண்டாமென்று நாங்கள் சொல்லவே இல்லையே" என்றார் அந்த அம்மா. நிஜமாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"நீங்க வைகாசியிலயே வைங்க மச்சான். நான் மட்டும் வந்துட்டுப் போறேன்."

"நீ மட்டும் வந்து? பந்தியில பாதி எலையப் போட்டுப் பாதிய மடக்கி வைக்கவா?"

"ஜெயாவுக்கு லீவு இல்ல. யாழினிக்குப் பரீட்சை."

"அப்பறம் என்ன பேச்சு? பிள்ளை பரீட்சையக் கெடுத்து ஒரு கல்யாணமா? வருஷம் பூரா பிள்ளைகளப் பரீட்சைக்கு ஏத்திக்கிட்டுப் போறவன்யா நான். என் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை பரீட்சை நிக்குமா? ஆவணியில வைப்போம்."

"மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"அது என் பாடு. நீ கேளு. ஒங்க பள்ளிக்கூடம் அடைக்கிறப்ப ஆடி நடந்துக்கிட்டிருக்கும். ஆடியில ஒண்ணும் வைக்க முடியாது. ஆடி போயி, ஒங்க பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சந்து கெடைக்கும். அதுக்குள்ள வண்டிய விட்டுருவோம். நான் பாக்காத சந்தா?"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "பெருமையப் பாரு. போன வாரம் கடைவீதியில சுவத்துல ஒரசிக் கண்ணாடிய ஒடச்சுட்டு வந்த ஆளு."

"அது சுவரு தள்ளி வந்துருச்சு" என்றார் மச்சான்.

அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பது சாமானியம் இல்லை என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆறு வார லீவில் பெரும்பங்கை ஆடி தின்றுவிடும். புலம்பெயர்ந்த நாங்கள் ஊருக்கு வருவதே நல்லது கெட்டதைப் பார்க்கத்தான். வந்து நிற்கிற மாதத்தில் நல்லது எதுவும் நடக்காது. காதுகுத்து இல்லை, கல்யாணம் இல்லை, பால்காய்ப்பு இல்லை. கூழ் ஊற்றுகிறார்கள், குடித்துவிட்டு வருகிறோம். மச்சான் ஆவணியில் ஒரு முகூர்த்தம் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டில், "தாய்மாமன் என்ன கலெக்டரா?" என்று கேட்டார்களாம். "அதுக்கும் மேல" என்றாராம் மச்சான்.

5

ஆடி பிறந்து இரண்டொரு நாள் இருக்கும். இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசி வாரம். மச்சான் காலை டிரிப்பில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஓரங்கட்டி, எதிர்க்கடையில் டீ சொல்லியிருக்கிறார். டீ வருமுன் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார்.

"வண்டியில பிள்ளைக இருக்கையில ஆகலையே" என்று டீக்கடைக்காரர் பிற்பாடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எல்லாத்தையும் எறக்கிவிடுற வரைக்கும் மனுசன் தாங்கியிருக்காருண்ணே."

நான் மட்டும் கிளம்பினேன். ஜெயாவுக்கு உடனே விடுப்பு இல்லை. கிளம்பும்போது கதிர் வாசலில் நின்று கேட்டான்: "மாமா முடிஞ்சுட்டாங்களா அப்பா?" அவனுக்குத் தெரிந்த தமிழில் அவ்வளவுதான் வந்தது. திருத்தவில்லை. வேறு எந்தச் சொல்லைக் கொடுப்பது?

மதுரை விமான நிலையத்துக்குச் சித்தப்பா மகன் முருகன் வந்திருந்தான். சோழவந்தான் கடைவீதியில் நுழைந்ததும் காரை நிறுத்தினான். "அண்ணே, வாங்கிட்டுப் போயிருவோம்" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன்தான் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். தாய்மாமன் சீர்ச் சேலை எடுக்க ஆவணியில் ஏறியிருக்க வேண்டிய கடைக்குள் ஆடியில் ஏறினேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்க தம்பி, இப்பத்தான் வந்தீகளா? ஒங்க அக்கா போன வாரம் வந்து ரெண்டு பட்டு எடுத்து வச்சிட்டுப் போயிருக்காக. என் தம்பி வந்து பாத்து அவன் கையால எடுக்கட்டும்னு. கொண்டாரவா?"

சரக்கெடுக்க வெளியூர் போய் அன்றுதான் திரும்பியிருந்தார், அவருக்கு இன்னும் சேதி தெரியவில்லை. முருகன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கோடி வேணும்ணே" என்றான். அவர் எங்களைப் பார்த்தார். பிறகு போய் வேறு அலமாரியைத் திறந்தார்.

மச்சானை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் இருந்தாள். பொம்பளைகள் விலகி வழிவிட்டார்கள். சேலையைப் பிரித்து அக்கா தோளில் போர்த்தினேன். அக்கா அழவில்லை. என் பின்னால் எட்டிப் பார்த்தாள். வாசல் வரைக்கும் தேடினாள்.

"பிள்ளைக வரலையாடா?"

"வெள்ளிக்கிழமைதான்க்கா பள்ளிக்கூடம் அடைக்கிறாங்க" என்றேன்.

வருஷா வருஷம் போனில் மச்சானுக்குச் சொன்ன பதில் மாதிரியே அது வந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். அதன்பிறகுதான் அக்கா வெடித்தாள்.

6

கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். அக்கா மறுத்துவிட்டாள். "அவரு பாத்து வச்ச சந்துடா. அதுலயே வண்டி போகட்டும்" என்றாள். ஆவணியில், குறித்த முகூர்த்தத்தில், மேளம் மட்டும் குறைத்து, கல்யாணம் நடந்தது. ஜெயாவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். தகப்பன் இடத்தில் நானும் ஜெயாவும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தோம்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மண்டப வாசலில் ஹாரன் சத்தம். மச்சானுடைய வேன். அதை இப்போது வாடகைக்கு ஓட்டுகிற பையன், பள்ளிக்கூடம் போகிற வழியில் அத்தனை பிள்ளைகளையும் கொண்டுவந்து இறக்கினான். மச்சான் உயிரோடு இருந்தபோதே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாராம். யூனிஃபார்மோடு வரிசையாக வந்து, அட்சதை போட்டு, அவசர அவசரமாகச் சாப்பிட்டன. தேனூர் இரட்டைச்சடை வளர்ந்திருந்தாள். கதிரிடம் போய், "இன்னுமா ஒனக்கு லீவு?" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அன்று மத்தியானம் மண்டபத்தின் பின்படிக்கட்டில் யாழினி தனியாக உட்கார்ந்திருந்தாள். பட்டுப்பாவாடை தாவணியில் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கிலீஷில்தான் கேட்டாள். எனக்கு நன்றாகவே புரிகிற இங்கிலீஷ்.

"என் பரீட்சை இல்லையென்றால் வைகாசியில் நடந்திருக்கும். மாமா பார்த்திருப்பார். அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். ஆமாம் என்பது அதைவிடப் பெரிய பொய். அதற்குள் கை கழுவ வந்த அக்கா காதில் அது எப்படியோ விழுந்துவிட்டது. ஆறாவதோடு நின்றவள் அக்கா. என்ன புரிந்ததோ, ஈரக்கையோடு யாழினியின் முகத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"என் மாப்ள வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதுதுன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாருடி ஒங்க மாமா. நீ பாசாயிட்டியா, அதச் சொல்லு."

முந்தின நாள்தான் முடிவு போனில் வந்திருந்தது. வீடு இருந்த இருப்பில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "பாஸ் அத்தை" என்றாள் யாழினி. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் எழுந்து பந்தியைப் பார்க்கப் போனேன்.

7

இந்த வருஷம் வைகாசியில் கௌசல்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. நடந்து முடிந்த அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். முருகன் படம் அனுப்பியிருந்தான். கைநிறைய வளையலோடு கௌசல்யா, பக்கத்தில் சீர்த்தட்டைப் பிடித்தபடி முருகன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க்கா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ என்ன செய்வ தம்பி? ஒன் பிள்ளைகளுக்கு லீவு இருக்காது. நான் தள்ளி வைக்கட்டுமான்னு யோசிப்பேன். வயித்துப்பிள்ளை லீவு பாத்தா வரும்? ஒன் சீர முருகன் எடுத்துட்டு வந்துட்டான். நல்லபடியா முடிஞ்சது." அதோடு, "இனிமே எதையும் தள்ளி வைக்க மாட்டேன்டா. நாளு வந்தா வச்சிருவேன். நீ வரும்போது வா. வீடு எங்க போகுது?" என்றாள்.

கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், சமாதானம் ஆகியிருப்போம். அக்கா சொன்னதில் தப்பும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை.

மச்சானின் முதல் வருஷத் திதி இந்த ஆடியில் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடைக்க இன்னும் சில நாள் இருந்தன. போகவில்லை. ஜெயா இலை போட்டு வடை பாயசத்தோடு படைத்தாள். யாழினிக்கு இப்போது பதினேழு. லீவுக்குத் தோழிகளோடு கடற்கரை ஊருக்குப் போவதாகத் திட்டம். மீதி நாளில் ஒரு கடையில் வேலை. ஊருக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் அடைத்த அன்று மத்தியானம் கதிரைக் கூட்டிவரப் போனேன். கேட்டைத் திறந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் வருஷம் முழுக்கச் செய்த அட்டை வேலைகளையெல்லாம் ஒரு பெரிய பையில் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தான். ஊரில் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். கேட் பக்கத்திலேயே நின்று போன் போட்டேன். மச்சானுடைய நம்பர்தான். இப்போது அக்கா வைத்திருக்கிறாள். என் போனில் பெயரை இன்னும் மாற்றவில்லை.

"அக்கா, பள்ளிக்கூடம் அடைச்சாச்சு."

"யாரு பள்ளிக்கூடம்?"

"கதிரு பள்ளிக்கூடம்க்கா. லீவு விட்டுட்டாங்க."

"அப்படியா. நல்லது தம்பி. வெயில்ல அலைய விடாத." உள்ளே கௌசல்யா எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பாலு அடுப்புல கெடக்குடா. வச்சிரட்டுமா?"

"சரி, வச்சிரு அக்கா."

கதிர் பையைத் தரையில் வைத்துவிட்டு என் சட்டையை இழுத்தான்.

"அத்தையா? என்னைக்கு வாரோம்னு கேட்டாங்களா?"

அந்த 'வாரோம்' வேனில் ஏறியது. இன்னும் வடியாமல் இருக்கிறது.

பையை நான் தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

"இல்லப்பா" என்றேன். "கேக்கல."